கூடி வென்றார், கூடியே வீழ்ந்தார்!

காரைக்காலுக்குத் தொழிற்சாலை வேண்டும் என்று கேட்காத கட்சி இல்லை. முழங்காத மேடை இல்லை. கேட்பதில் தவறும் இல்லை. படித்துப் பட்டம் பெற்ற பிள்ளை வேலை தேடிச் சென்னைக்கும் திருப்பூருக்கும் போகிறான். அங்கிருந்து துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் பறக்கிறான். பெற்றவள் கைப்பேசியில் அவன் முகம் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். அப்படிப்பட்ட ஊர் தொழிற்சாலை கேட்பது பசித்தவன் சோறு கேட்பது போன்றது.

ஆனால், தோழர்களே, பசித்தவனும் இலையைப் பார்த்துத்தானே உட்காருகிறான்!

"எந்தக் கம்பெனி வருகிறது? எத்தனை கோடி கொட்டுகிறது? எத்தனை பேருக்கு வேலை?" என்று கேட்கிறோம். நல்ல கேள்விகள்தாம். ஆனால் இன்னும் இரண்டு கேள்விகள் உண்டு. "யாரோடு வருகிறது? வந்த இடத்தில் யாரோடு சேருகிறது?" இந்த இரண்டையும் நாம் கேட்பதில்லை. கேட்கத் தவறியவர்கள் கெட்ட கதை வெளிநாட்டுக் கதையன்று. நம்முடைய தமிழகத்துக் கதை. கடல் கடந்து முதல் போட்டு, கொடிகட்டிப் பறந்து, ஒரே அடியில் உருண்டு விழுந்த கதை.

தொழில் என்பது தனிமரமாக நிற்க விரும்பாது. நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு, சிவகாசியில் தீப்பெட்டி, திருப்பூரில் பனியன், ஆம்பூரில் தோல் என்று ஒரே தொழில் ஒரே ஊரில் கொத்துக் கொத்தாகக் காய்ப்பதைப் பார்க்கிறோம். ஏன் இப்படி? ஆல்பிரட் மார்ஷல் என்ற ஆங்கிலப் பொருளாதார அறிஞர் 1890இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார். கத்தியும் கத்தரிக்கோலும் செய்த ஷெப்பீல்டு நகரம் அவர் கண்ட சான்றுகளில் ஒன்று. அவர் சொன்ன காரணங்களைச் சுருக்கினால் மூன்று. பழகிய கை அந்த ஊரில் எப்போதும் கிடைக்கும். துணைத் தொழில்கள் பக்கத்திலேயே முளைக்கும். ஒருவன் கண்டுபிடித்த நுணுக்கம் ஊர் முழுதும் பரவும்.

உள்ளூரில் இருப்பவனுக்கே கொத்து இத்தனை நன்மை செய்யுமானால், கண்காணாத தேசத்துக்குப் பணத்தை எடுத்துக்கொண்டு போகிறவனுக்கு அது எத்தனை செய்யும்! அவனுக்கு அந்த நாட்டு மொழி தெரியாது, சட்டம் தெரியாது, எவன் நாணயக்காரன், எவன் நாமம் போடுகிறவன் என்பதும் தெரியாது. முன்னே போனவன் அவனுக்குக் கண். பக்கத்துக் கடைக்காரன் அவனுக்குக் காது. ஆகவேதான் வெளிநாட்டில் முதல் போடுகிறவர்கள் ஒருவரை ஒருவர் தேடிப் போய் ஒட்டிக்கொள்கிறார்கள்.

இந்த வித்தையை நம்மவர்கள் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. செய்து காட்டினார்கள். எங்கே? ரங்கூனில்!

ரங்கூன் நகரத்தில் மொகல் தெரு என்று ஒரு தெரு. இன்று அதன் பெயர் ஷ்வே பொந்தா தெரு. அந்தத் தெருவில் செட்டிநாட்டு நகரத்தார்களின் வட்டிக்கடைகள் வரிசை வரிசையாக இருந்தன. 1826இல் பர்மாவின் ஒரு பகுதி ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. 1852இல் கீழ்ப்பர்மா முழுவதும் போயிற்று. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐரோப்பாவுக்கு அரிசி வேண்டும், பர்மாவிலே சதுப்பு நிலம் உண்டு, காட்டை வெட்டி வயலாக்க உழவன் உண்டு, பணம்தான் இல்லை. ஆங்கிலேய பாங்கிகள் துறைமுகத்தைத் தாண்டிக் கிராமத்துக்குள் கால் வைக்கவில்லை. கால் வைத்தவர்கள் காரைக்குடியிலிருந்தும் தேவகோட்டையிலிருந்தும் கப்பலேறிய நம்மவர்கள்.

1930 வாக்கில் பர்மாவில் அவர்களுடைய கடைகள் 1,600க்கு மேல். போட்ட முதல் சுமார் 75 கோடி ரூபாய் என்று அன்றைய அரசாங்கத்தின் பாங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. இன்றைய 75 கோடியன்று, தோழர்களே. ஒரு மூட்டை அரிசியைச் சில ரூபாய்க்கு வாங்கிய காலத்து 75 கோடி!

இத்தனை கடைகளும் போட்டி போட்டு ஒன்றை ஒன்று தின்றிருக்க வேண்டுமே, தின்றனவா? இல்லை. தாங்கிப் பிடித்தன. எப்படி?

ஒன்று, வட்டி. மாதந்தோறும் கோயிலில் கூடினார்கள். தங்களுக்குள் கொடுக்கல் வாங்கலுக்கு "நடப்பு வட்டி" என்ன என்று பேசி முடித்தார்கள். பணம் எங்கே பெருகியிருக்கிறது, எங்கே வற்றியிருக்கிறது என்ற செய்தி அந்த ஒரு கூட்டத்தில் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும்.

இரண்டு, கடன். பாங்கி எல்லாரையும் நம்பாது. பெரிய சில "அடத்தி"க் கடைகளை மட்டும் நம்பும். அவர்கள் பாங்கியில் வாங்கிச் சிறிய கடைக்குக் கொடுப்பார்கள். சிறிய கடை கிராமத்துக்குக் கொண்டுபோகும். ஒரு கடையின் உண்டியல் இன்னொரு கடையில் செல்லும்.

மூன்று, ஆள். "பெட்டியடிப் பையன்" என்று சின்ன வயதில் கப்பலேறுகிறவன் "அடுத்தாள்" ஆவான். தேர்ந்தால் "மேலாள்" ஆவான். பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணை. கணக்கு முடித்து ஊர் திரும்புவான். வேறு கடையும் அவனை அழைக்கும். தொழில் பழகிய ஆள் எந்தக் கடைக்கும் பஞ்சமில்லை.

நான்கு, நாணயம். ரங்கூனில் கணக்கைப் புரட்டியவன் செட்டிநாட்டில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. பத்திரத்தைவிடப் பலமான பிணை அது.

சிங்கப்பூரில் மார்க்கெட் தெருவுக்குப் போனவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். "கிட்டங்கி" என்ற நீண்ட கூடத்தில் பல கடைக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஒரு சாய்வு மேசை, ஒரு பெட்டகம், ஒரு பாய். ஒரே கூரையின் கீழ் பல பாங்கிகள்! ஒருவனிடம் கடன் கேட்டு மறுக்கப்பட்டவன் அடுத்த மேசைக்கு நகர்வதற்குள் அவன் வரலாறு அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

விளைவு என்ன? பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சில லட்சம் ஏக்கராக இருந்த கீழ்ப்பர்மாவின் நெல் சாகுபடி 1930 வாக்கில் 80 லட்சம் ஏக்கரைத் தாண்டியது. உலகத்துக்கே அரிசி அனுப்பும் நாடாயிற்று பர்மா. கொத்தாகப் போனவர்கள் கொத்தாகவே கொழித்தார்கள். கூடிப் போனதன் பலன் கோபுரமாகவும் மாளிகையாகவும் செட்டிநாட்டில் எழுந்து நின்றது. பர்மா தேக்குத் தூண்கள் இன்றும் அங்கே சாட்சி சொல்கின்றன.

இதுவரை வெற்றிக் கதை. இனிமேல்தான் பாடம்.

ஒரே தெரு, ஒரே வட்டி, ஒரே வகைக் கணக்கு, ஒரே வகை அடமானம். எல்லாருடைய பணமும் எங்கே போய் நின்றது? நெல் வயலில்! ஒருவன் நெல்லிலே போட்டு இலாபம் கண்டான், பக்கத்துக் கடைக்காரன் பார்த்தான், அவனும் போட்டான். செய்தி விரைந்து பரவியது. கூடவே ஒரே சிந்தனையும் பரவியது. "நெல் விலை விழுந்தால்?" என்று கேட்க அந்தக் கூட்டத்தில் மாறுபட்ட ஓர் ஆள் இல்லை. இருக்கவும் முடியாது. ஏனென்றால் அந்த வளையம் ஒரு சாதிக்குள், அதன் கோயில்களுக்குள், சில ஊர்களுக்குள் அடைபட்ட வளையம். உள்ளே நம்பிக்கை; வெளியே வேலி. எந்த வேலி அவர்களைக் காத்ததோ அதே வேலி அவர்கள் கண்ணையும் மறைத்தது.

1930இல் உலகப் பொருளாதாரப் பெருமந்தம் பர்மாவைத் தாக்கியது. நெல் விலை ஓரிரு ஆண்டுக்குள் பாதிக்கும் கீழே சரிந்தது. உழவன் வட்டி கட்ட முடியவில்லை. முதலை எங்கே கட்டுவான்! அடமான நிலம் கடைக்காரர் கைக்கு வந்தது. பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் அவர்களிடம் இருந்தது நூற்றுக்கு 6 பங்கு நிலம். 1938இல்? நூற்றுக்கு 25 பங்கு! நாலில் ஒரு பங்கு!

நிலம் வேண்டும் என்று ஆசைப்பட்டு அவர்கள் வாங்கியதில்லை. பணமாகத் திரும்ப வேண்டியது மண்ணாகத் திரும்பி வந்தது. ஆனால் நிலத்தை இழந்த பர்மிய உழவனுக்கு அந்த நியாயம் எப்படி விளங்கும்? காட்டை வெட்டியவன் அவன். சேற்றிலே இறங்கியவன் அவன். பாம்புக்கும் காய்ச்சலுக்கும் பிள்ளையைப் பறிகொடுத்தவன் அவன். நிலமோ கடல் கடந்து வந்தவன் பெயரில்! அவன் கண்ணுக்கு ஒரு கடை வேறு, இன்னொரு கடை வேறு என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே கூட்டமாகத் தெரிந்தது. கூட்டமாகச் சம்பாதித்த நல்ல பெயர் போல, கெட்ட பெயரும் கூட்டத்துக்கே வந்து சேர்ந்தது. நேர்மையாக நடந்தவனுக்கும் அதில் பங்கு.

1942இல் ஜப்பானியர் வந்தார்கள். நாலு லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர்கள் பர்மாவை விட்டு ஓடினார்கள். 1948இல் விடுதலை பெற்ற பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் செய்தது. 1963 பிப்ரவரியில் பாங்கிகளும், 1964 மார்ச்சில் கடைகளும் அரசாங்கத்துக்குப் போயின. நூறாண்டு வளர்த்த தோட்டம் வேரோடு சாய்ந்தது. கூடிப் போனவர்கள் கூடியே திரும்பினார்கள்.

முதலாளி வீழ்ந்தான் என்று நாம் கைகொட்டிச் சிரிக்க இது நாடகமன்று. ஏனெனில் அந்த வீழ்ச்சியில் முதலில் அடிபட்டவன் யார் தெரியுமா? கூலி! ஆலையில் மூட்டை சுமந்த தமிழன். துறைமுகத்தில் சரக்கு இறக்கிய தெலுங்கன். 1930 மே மாதம் ரங்கூனில் கலவரம் வெடித்தபோது வெட்டுப்பட்டு விழுந்தவர்களில் பெரும்பாலோர் துறைமுகத் தொழிலாளிகள்தாம். 1942இல் அரக்கான் மலையிலும் மணிப்பூர்க் காட்டிலும் கால்நடையாக நடந்து செத்தவர்கள் அவர்கள். 1960களில் விரட்டப்பட்டு, விட்டுவந்த மண்ணுக்கே திரும்பிவிடலாம் என்று நடந்து போய், எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரே ஊரில் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் இன்றும் அங்கே உண்டு. முதலாளிக்குக் கொத்து இருந்தது, கோயில் இருந்தது, திரும்பி வர வீடு இருந்தது. கூலிக்கு இருந்தது இரண்டு கால்கள்!

"இது செட்டிநாட்டுக் கதை, காரைக்காலுக்கு என்ன?" என்று கேட்கிறீர்களா?

1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த காரைக்கால் இரண்டு வகையில் கடல் தாண்டிற்று. முதல் வகை, கங்காணி பிடித்த கூலி. 1850களிலிருந்து 1880கள் வரை ரீயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் கரும்பு வெட்டப் போன கப்பல்களுக்கு ஆள் ஏற்றிய துறைகளில் காரைக்காலும் ஒன்று. இரண்டாம் வகை, சைகோனுக்குப் போன எழுத்தரும் வணிகரும். 1881இல் வந்த ஆணைப்படி சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் அங்கே அரசாங்க வேலைகளில் அமர்ந்தார்கள். முஸ்லிம் வணிகர்கள் துணிக்கடை வைத்தார்கள். செட்டியார்கள் வட்டிக்கடை வைத்தார்கள். அங்கும் கோயில், அங்கும் மசூதி, அங்கும் ஒரே தெருவில் கூட்டம். சபராளி வீடு திரும்பினால் பெட்டியைச் சுற்றி ஊரே கூடும். பிரெஞ்சு ஆட்சி 1954இல் அங்கே முடிந்தது. 1975இல் சைகோன் வீழ்ந்தது. ஆட்சியின் நிழலில் வளர்ந்த கொத்து நிழல் விலகியதும் வாடியது. கோயில்களும் மசூதியும் நிற்கின்றன, கடைகள் இல்லை.

முதலாளி கப்பலேறினால் அதற்குப் பெயர் முதலீடு. தொழிலாளி கப்பலேறினால் அதற்குப் பெயர் கூலி. இரண்டையும் பார்த்த மண் இது. ஆகவே இந்தப் பாடத்தைப் படிக்க இந்த மண்ணுக்கு உரிமை உண்டு.

சரி, இன்றைக்கு வருவோம். அன்று நாம் போனோம். இன்று அவர்கள் வருகிறார்கள். கொரியாவிலிருந்தும் பின்லாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் தைவானிலிருந்தும் வருகிறார்கள். மொகல் தெரு இப்போது திருப்பெரும்புதூர்ச் சாலையில் இருக்கிறது!

1996இல் கொரியாவின் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 1998இல் கார் வெளிவந்தது. தனியாக வந்ததா? இல்லை. அதற்கு உதிரி பாகம் செய்கிற கொரியக் கம்பெனிகள் பின்னாலேயே வந்து சுற்றிலும் கொட்டகை போட்டன. மேலாள், அடுத்தாள், கொரியச் சாப்பாட்டுக் கடை உட்பட எல்லாம் வந்தன. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். வந்து இறங்கிய மண் வெறும் பொட்டல் அன்று. 1948இல் எண்ணூரில் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், பின்னாளில் அசோக் லேலண்ட் ஆயிற்று. அது அங்கே இருந்தது. 1958இல் கிண்டித் தொழிற்பேட்டை. 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. பாடியிலே சக்கரமும் பிரேக்கும் மின்கருவியும் செய்த ஆலைகள். இங்கிலாந்தின் லூகாஸ் கம்பெனி 1961இல் டி.வி.எஸ்.ஸோடு கைகோத்து அங்கே தொடங்கியது. இரண்டு தலைமுறையாகக் கடைசல் இயந்திரத்தில் கை பழகிய தொழிலாளி இருந்தான். வந்த கொத்து இருந்த கொத்தோடு கலந்தது. கால் நூற்றாண்டுக்குப் பிறகும் ஹூண்டாய் இங்கே நிற்கிறது. 2024 அக்டோபரில் இந்தியப் பங்குச் சந்தையில் 27,870 கோடி ரூபாய்க்குப் பங்கு விற்கும் அளவுக்கு வளர்ந்து நிற்கிறது.

கலந்தால் வெற்றி நிச்சயம் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் போர்டு கம்பெனியும் அதே காலத்தில்தான் மறைமலை நகருக்கு வந்தது. அதே தொழிலாளி, அதே உதிரி பாகக் கடை. ஆனாலும் பத்தாண்டில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்று சொல்லி, 2021 செப்டம்பரில் மூடுவிழா அறிவித்தது. 2022இல் கதவைச் சாத்தியது. வாய்க்கால் தண்ணீர் இருவருக்கும் ஒன்றுதான். என்ன பயிர் வைப்பது என்பது அவரவர் கெட்டிக்காரத்தனம். இருந்தாலும் பாருங்கள், 2024 செப்டம்பரில் அதே போர்டு அதே ஆலைக்குத் திரும்ப விருப்பக் கடிதம் கொடுத்தது. எதற்காக? இங்கே பழகிய கை இருக்கிறது. துணைத் தொழில் இருக்கிறது. வேர் இருக்கிற இடத்துக்கு விட்டுப்போனவனும் திரும்பிப் பார்க்கிறான்.

இப்போது மறுபக்கம். பின்லாந்தின் நோக்கியா 2005இல் ஒப்பந்தம் போட்டு, 2006இல் திருப்பெரும்புதூரில் கைப்பேசி செய்யத் தொடங்கியது. வேலிபோட்ட சிறப்புப் பொருளாதார மண்டலம். உள்ளே நோக்கியா, பக்கத்திலேயே அதற்குப் பாகம் கொடுக்கிற பாக்ஸ்கான், சால்காம்ப் போன்ற கம்பெனிகள். ஒரு காலத்தில் நோக்கியா ஆலையில் மட்டும் 8,000 பேர் அளவுக்கு வேலை பார்த்தார்கள். பெரும்பாலோர் கிராமத்துப் பெண்கள். உலகமே வியந்த கொத்து!

ஆனால் அது ஒரு காம்பில் தொங்கிய கொத்து. காம்பு நோக்கியா. கைப்பேசிச் சந்தை மாறியது, நோக்கியா பின்தங்கியது, வரித் தகராறு மூண்டு சொத்து முடக்கப்பட்டது. 2014 ஏப்ரலில் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாப்ட் வாங்கியபோது நம் ஆலையை வாங்காமல் விட்டது. 2014 நவம்பர் 1ஆம் நாள் ஆலை நின்றது. டிசம்பரில் பக்கத்து பாக்ஸ்கான் ஆலையும் நின்றது. காம்பு அறுந்தது, கொத்து முழுவதும் தரையில்! இருபத்தைந்து வயதில் "விருப்ப ஓய்வு" வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய பெண்கள் ஆயிரக்கணக்கில். இருபத்தைந்து வயதில் ஓய்வா? அதற்கு விருப்பம் என்று பெயர் வேறா?

ஆனாலும் ஒன்று மிஞ்சியது. அந்தப் பெண்களின் கைத்திறன்! நோக்கியா போயிற்று, நுணுக்கம் போகவில்லை. பூட்டிக் கிடந்த அந்த ஆலையை 2019, 2020 வாக்கில் சால்காம்ப் கம்பெனி வாங்கித் திறந்தது. பாக்ஸ்கான் சுங்குவார்சத்திரத்தில் மறுபடி பெரிதாக எழுந்தது. முதலாளி எடுத்துப் போக முடியாத சொத்து ஒன்றுதான் உண்டு, தோழர்களே. அது தொழிலாளி கற்ற தொழில்.

மொகல் தெருவையும் இருங்காட்டுக்கோட்டையையும் நோக்கியா வேலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உண்மை பளிச்சென்று தெரியும். கூட்டம் என்பது பலம். ஆனால் அது கடன் வாங்கிய பலம். மண்ணோடு கலந்தால் அது சொந்தமாகும். கலக்காமல் கூடாரமாகவே இருந்தால், வந்தபடியே ஒருநாள் எல்லாம் சேர்ந்து போகும்.

இந்த உரைகல்லில் காரைக்காலை உரசிப் பாருங்கள்.

நம்மிடம் என்ன இல்லை? துறைமுகம் இருக்கிறது, 2009இல் திறந்தது. காவிரிப் படுகையின் இயற்கை எரிவாயு இருக்கிறது. எண்ணெய் எரிவாயுக் கழகத்தின் காவிரிப் படுகை அலுவலகம் நம் நிரவியில்தான். அந்த எரிவாயுவில் திருமலைராயன்பட்டினத்தில் 32.5 மெகாவாட் மின்சாரம் எடுக்க அமைத்த நிலையம் 2000ஆம் ஆண்டிலிருந்து உண்டு. திருவேட்டக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. கடல், எரிவாயு, மின்சாரம், படிப்பு எல்லாம் தனித்தனியே இருக்கின்றன. கொத்து இருக்கிறதா?

துறைமுகத்தையே பாருங்கள். முக்கியமாக இறங்குவது நிலக்கரி. கரி இறங்கும், இரயிலேறும், வெளியூர் மின்நிலையத்துக்குப் போகும். நமக்கு மிஞ்சுவது தூசி! கட்டிய கம்பெனி கடனில் மூழ்கித் திவால் நடவடிக்கைக்குப் போயிற்று. 2023இல் அதானி நிறுவனம் 1,485 கோடி ரூபாய்க்கு அதை எடுத்துக்கொண்டது. முதலாளி மாறினார், துறைமுகத்தைச் சுற்றித் தொழிற்கூட்டம் எழுந்ததா?

அடுத்தது வரிச்சலுகை. புதுச்சேரி மாநிலத்தில் விற்பனை வரி குறைவு என்பதே ஒரு காலத்தில் நம் கடைத்தெருவின் கவர்ச்சி. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தது, நாடெங்கும் ஒரே வரி என்றானது, கவர்ச்சி கரைந்தது. சலுகைக்காக வருகிறவன் சலுகை தீர்ந்ததும் போவான். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. அவன் கூடாரம் அடித்தான், நாம் வீடு என்று நினைத்தோம்.

எல்லைச் சிக்கலோ நமக்கே உரிய தலைவலி. காரைக்கால் சுமார் 160 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கில் மக்கள் 2 லட்சம். சுற்றிலும் தமிழ்நாடு, ஆட்சியோ சுமார் 130 கிலோமீட்டருக்கு அப்பால் புதுச்சேரியில். வாஞ்சூரில் ஒரு கால் வைத்தால் மறுகால் நாகூரில்! தொழிலாளி நாகையிலிருந்து வருவான். பட்டறைக்காரன் மயிலாடுதுறையில் இருப்பான். தொழில் கொத்து எல்லைக்கல்லை மதிக்காது. ஆனால் நம் திட்டங்கள் எல்லைக்கல்லோடு நின்றுவிடுகின்றன. பிரெஞ்சுக்காரன் போட்ட கோட்டைத் தாண்டிக் காரைக்காலும் நாகையும் சேர்ந்து திட்டமிட்டால் ஒழிய, 160 சதுர கிலோமீட்டரில் ஒரு தனி உலகம் முளைக்காது.

ஆகவே, அடுத்த முறை ஒரு வெளிநாட்டுக் கம்பெனி வருகிறது என்று பட்டாசு வெடித்தால், வெடித்து முடித்தபின் இவற்றைக் கேளுங்கள்.

நம் பட்டறைகளிடமிருந்து அது எதை வாங்கும்? கதவின் கீல் முதல் எந்திரத்தின் பல்சக்கரம் வரை எல்லாம் பெட்டியில் வருமானால், வேலை மட்டும் நமக்கு, தொழில் அவர்களுக்கு.

நம் பிள்ளைக்கு எதைக் கற்றுக் கொடுக்கும்? மூட்டை தூக்கவா, எந்திரத்தைப் பழுது பார்க்கவா? திருவேட்டக்குடியில் படிப்பவனும் தொழிற்பயிற்சி நிலையத்தில் படிப்பவனும் அந்த ஆலைக்குள் மேலாள் ஆகிற வழி உண்டா?

அந்தக் கொத்து ஒரே காம்பில் தொங்குகிறதா? ஒரே கம்பெனி, ஒரே சரக்கு, ஒரே சந்தை என்றால் 2014 நவம்பர் 1ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கேள்வியும் உண்டு. அதை முதலாளியிடம் கேட்கவேண்டாம். நம்மை நாமே கேட்கவேண்டும். அவர்கள் கூடுகிறார்கள். நாம் கூடியிருக்கிறோமா?

முதலாளிகள் ஓரிடத்தில் கூடினால் தொழிலாளிகளும் அங்கே கூடுகிறார்கள். ஆனால் கூட்டம் வேறு, ஒற்றுமை வேறு. 2021 டிசம்பரில் பாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் விடுதிச் சோற்றால் நோயுற்று, நெடுஞ்சாலையில் உட்கார்ந்து போராடினார்கள். அதற்குப் பிறகு வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் வளாகம் எழுந்து, 2024 ஆகஸ்டில் தமிழக முதலமைச்சரால் திறக்கப்பட்டது. கொத்தாக ஆலை வைத்தால் கொத்தாக மனிதர்களும் வருவார்கள், அவர்களுக்குச் சோறும் கூரையும் வேண்டும் என்பதை அந்தப் பெண்கள் சாலையில் உட்கார்ந்து உணர்த்தினார்கள். 2024 செப்டம்பர் 9ஆம் நாள் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் வேலைநிறுத்தம், 37 நாள்! முக்கியக் கோரிக்கை, சங்கத்தைப் பதிவு செய்யவேண்டும் என்பது. 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. கம்பெனிகள் ஓடிவிடுமே என்று பயமுறுத்தியவர்கள் உண்டு. பயம் வேண்டாம். வேர் விட்ட கம்பெனி சங்கத்தைக் கண்டு ஓடாது. ஓடுகிற கம்பெனி சங்கம் இல்லாவிட்டாலும் ஓடும். நோக்கியா கற்றுத் தந்தது அதைத்தான்.

மொகல் தெருவில் மாதந்தோறும் கூடி வட்டி நிர்ணயித்தவர்களுக்குக் கூட்டத்தின் பலம் தெரிந்திருந்தது. அதே ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவனுக்குக் கூடி உட்கார்ந்து கூலி நிர்ணயிக்க ஓர் இடம் இல்லை. கலவரம் வந்தபோது அவன் தனியன். காட்டு வழியில் நடந்தபோதும் தனியன். அந்தத் தனிமைதான் அவனைக் கொன்றது.

வரட்டும் தொழிற்சாலைகள்! ஒன்றல்ல, நூறு வரட்டும். ஓர் ஊரிலிருந்தல்ல, ஒன்பது நாட்டிலிருந்து வரட்டும். வாஞ்சூர் முதல் திருநள்ளாறு வரை விளக்கெரியட்டும். ஆனால் நம் வாசலில் கூடாரம் அடிக்க வருகிறவனிடம் நாம் சொல்லவேண்டியது ஒன்றே ஒன்று. முளையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கடைக்கால் தோண்டு! தோண்டுகிற கை எங்களுடையது. கட்டுகிற கை எங்களுடையது. கட்டி முடித்த வீட்டில் கணக்குக் கேட்கிற உரிமையும் எங்களுடையது!